சீசாவில் ஒட்டிய பெயர்

சேசு மரி சூசை

காரைக்குடி
4.3.1968

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி அமலதாஸ் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நானும் அடைக்கலமேரியும் குழந்தை சவரியும் ஒருவாறு சுகம். தங்கள் சுகத்துக்கும், மதுரையில் தாங்கள் பார்க்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

ஒருவாறு என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அடைக்கலமேரிக்கு இரண்டு மாதமாக இருமல். சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. ஆளும் இளைத்துவிட்டாள். அவளுடைய சித்தப்பா ரங்கூனிலிருந்து திரும்பி வந்து ரத்தம் கக்கி இறந்தது தங்களுக்குத் தெரியும். அதனால்தான் காசமோ என்று பயமாக இருக்கிறது. இதற்கு என்ன பரிசோதனை செய்யவேண்டும்? ரத்தமா, எக்ஸ்ரேயா, கையில் ஊசி போட்டுப் பார்ப்பார்களே, அதுவா? தாங்கள் லேபில் இருப்பதால் கேட்கிறேன்.

மதுரைக்கு அழைத்து வர இப்போது தோதுப்படாது. பரீட்சை நெருங்கிவிட்டது. ஹெட்மாஸ்டர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். பங்குச்சாமியார்தான் பள்ளிக்கு மேனேஜர். அவர் கண் என்மேல் இருக்கிறது. வாத்தியார் வீட்டில் இந்தச் சீக்கு என்று தெரிந்தால் எல்லாம் கெட்டுவிடும். சளியை இங்கிருந்தே அனுப்ப வழி உண்டா? விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும். அடைக்கலத்துக்குக்கூட எழுத வேண்டாம், பயந்துவிடுவாள்.

வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எழுதவும் அலுப்பாக இருக்கிறது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
அமலதாஸ்


சேசு மரி சூசை

மதுரை
7.3.1968

அன்புள்ள தம்பிக்கு அக்கா இன்பமேரி எழுதுவது. நான் சுகம். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்துக்குத்தான் சுகமில்லை. சவரிக்கு என் முத்தம்.

இரண்டு மாதமாக ஒருத்தி இருமுகிறாள், இன்றைக்குத்தான் உனக்குக் காகிதம் கிடைத்ததா? படிக்காதவன் செய்தால் அறியாமை என்பேன். நீ பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவன். உன்னை என்னவென்று சொல்வது?

ரத்தத்தில் இந்தச் சீக்கைக் கண்டுபிடிக்க முடியாது. முடியும் என்று எவனாவது சொன்னால் அவனைச் செருப்பால் அடி. கையில் போடும் ஊசி பெரியவர்களுக்கு வீண். நம் பக்கத்தில் வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கை வீங்கும். கிருமி எப்போதோ உள்ளே வந்து தூங்குகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு வீங்கினால் கதை வேறு. பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள் என்று அந்தக் கை காட்டிக்கொடுத்துவிடும். எக்ஸ்ரேயில் நிழல் தெரியும், ஆனால் நிழல் பழைய தழும்பாகவும் இருக்கலாம். இருமுகிற பெரியவர்களுக்குச் சளிதான் சாட்சி. பிள்ளைகளுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடியும் முன், ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போகுமுன், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவி எடுக்கிறோம். பார்க்கப் பாவமாக இருக்கும். வேறு வழியில்லை.

எங்கள் வார்டில் வேலை பார்க்கும் மாயக்கண்ணனுக்குக் கோவிலூர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறான். அவனிடம் மூன்று சீசா கொடுத்தனுப்புகிறேன். மூன்று நாள், எழுந்ததும், வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்பச் சொல். தினமும் நாற்பது சீசா பார்க்கிறேன்; பாதியில் வெறும் எச்சில், ஒன்றில் பீடித்துண்டு. உன் வீட்டுச் சீசாவும் அப்படி வந்தால் திருப்பி அனுப்புவேன். அடைக்கலமேரி என்று பெயர்ச்சீட்டை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
இன்பமேரி


சேசு மரி சூசை

மதுரை
20.3.1968

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் வீட்டுச் சுகத்தை நானே உனக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி.

மூன்று சீசாவிலும் கிருமி இருக்கிறது. நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள், எண்ணி மாளவில்லை. முட்டை கலந்த குழம்பில் வளர்த்துப் பார்க்கவும் வைத்திருக்கிறேன், அதற்கு எட்டு வாரம் ஆகும். சளியிலேயே தெரிந்தவர்களுக்கு எக்ஸ்ரே எடுப்பதில்லை, பிலிம் தட்டுப்பாடு. டாக்டரிடம் நானே பேசி மருந்துச் சீட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அங்குள்ள ஆரோக்கிய நிலையத்தில் காட்டினால் மருந்து தருவார்கள்.

தினம் ஓர் ஊசி, கூடவே மாத்திரை. இரண்டும் சேர்ந்தால்தான் மருந்து. ஒன்றை மட்டும் போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும், பிறகு எதற்கும் அடங்காது. இன்னொன்று, அந்த ஊசி சிலருக்குக் காதைத் தொடும். காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு எனக்கு எழுத வேண்டும். இதை அடைக்கலத்திடம் ஒரு வார்த்தை விடாமல் சொல்.

சவரியை இந்த வாரமே கொண்டு வா. கையில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர்களைப் போலப் பிள்ளைகளுக்கு இந்தச் சீக்கு நெஞ்சில் நின்றுகொண்டிருக்காது, தலைக்கு ஏறிவிடும். தள்ளிப்போடாதே.

கடைசியாக ஒன்று. சளியில் மூக்குப்பொடி கலந்திருந்தது. ஸ்லைடு துடைக்கும்போதே எனக்குத் தும்மல் வந்தது. அடைக்கலம் எப்போதிலிருந்து பொடி போடுகிறாள்? நிறுத்தச் சொல்.

இன்பமேரி


சேசு மரி சூசை

காரைக்குடி
10.4.1968

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நானும் சவரியும் சுகம். தாங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். பரீட்சைத்தாள் திருத்தும் வேலை.

அடைக்கலமேரியைக் கல்லலில் அவள் தகப்பனார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். குழந்தையின் பாதுகாப்பை உத்தேசித்து இந்த முடிவு. தட்டு, தம்ளர், பாய் எல்லாவற்றையும் அவளோடு அனுப்பியாயிற்று. ஊசி போட அங்கேயே நர்ஸ் வருகிறார். ஊருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. ஆனால் பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்காகப் பெண்டாட்டியைப் பிரிந்திருப்பது பெரிய தியாகம் என்று சொன்னார். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

சவரி முதல் இரண்டு நாள் அம்மா என்று அழுதாள். இப்போது பழகிவிட்டாள். பக்கத்து வீட்டு முத்தழகு சோறு வடித்துக் கொடுக்கிறாள். ராத்திரி சவரி என் பாயில் என்னோடுதான் படுக்கிறாள். என் நெஞ்சின்மேல் தலை வைத்தால்தான் தூங்குவாள். அவளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தீர்கள். கோடை வெயில் தணியட்டும்.

கீழ்ப்படிதலுள்ள,
அமலதாஸ்


சேசு மரி சூசை

மதுரை
13.4.1968

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கிற பொறுமை இப்போது இல்லை.

அவளை வீட்டைவிட்டு அனுப்பச் சொன்னது யார்? என் கடிதத்தில் எந்த வரியில் அது இருக்கிறது? மருந்து ஒழுங்காக உள்ளே போனால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், கூட இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் கெடுதல் இல்லை. சென்னையில் செய்து பார்த்து நிரூபித்து எட்டொன்பது வருஷம் ஆகிறது. கட்டிக்கொண்டு வந்தவளைத் தட்டோடும் தம்ளரோடும் வண்டியேற்றிவிட்டு, அதற்குத் தியாகி என்று பட்டம் வேறு வாங்கியிருக்கிறாய். பெண் வீட்டுச் சீக்கு என்று சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு செத்துப்போன சித்தப்பா போதும்.

குழந்தையைக் கொண்டு வா. வெயில் தணியட்டுமாம். கிருமி வெயிலுக்கு ஒதுங்கி நிற்குமா? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை வேண்டாம்.

பொடி விஷயம் கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை.

இன்பமேரி


சேசு மரி சூசை

கல்லல்
2.6.1968

அன்புள்ள மதினிக்கு அடைக்கலமேரி பணிவாக எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்கு நீங்கள் ஒரு வரி எழுதவில்லை என்று வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், என் காகிதத்தைத் தொடவே பயந்திருப்பீர்களோ என்று. இந்தக் காகிதத்தை வெயிலில் காயவைத்துத்தான் அனுப்புகிறேன்.

இரண்டு மாதமாக ஊசி போடுகிறார்கள். உட்கார முடியவில்லை, அது போகட்டும். காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி ஓயாத சத்தம். எழுந்து நடந்தால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது சீக்கினால் வருவதா? நர்ஸம்மாவிடம் மாத்திரை ஏதும் கிடையாதா என்று கேட்டேன். "ஒங்க வீட்டுக்காரர்தான் மாசாமாசம் காரைக்குடியில வாங்கிக்கிர்றாகளே, ஒங்ககிட்டக் குடுக்கலையா?" என்றார். அவரிடம் கேட்டதற்கு, மாத்திரை உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார்.

மாதம் ஒரு தடவை வருகிறார். வாசலிலேயே நின்று பேசுகிறார். அவரும் பாதியாகிவிட்டார். நாலு வார்த்தை பேசுவதற்குள் எட்டுத் தடவை இருமுகிறார். கேட்டால் சாக்பீஸ் தூசி என்கிறார். சவரியைக் கூட்டி வரச் சொல்லி அழுதேன். "ஒன் மூச்சுக் காத்தே பிள்ளைக்கு ஆகாதுன்னு எங்க அக்காவே எழுதியிருக்கு" என்றார். நீங்கள் எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும். என் தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை.

படித்தவர் என்பதால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இருமல் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ரத்தத்தில் தெரிந்தது என்று அவர் சொன்னார். இருமலே இல்லாமல் இந்தச் சீக்கு வருமா மதினி?

உங்கள் அடைக்கலமேரி


மதுரை
5.6.1968

அன்புள்ள அடைக்கலத்துக்கு,

உன் காகிதத்தை வெயிலில் காயவைக்க வேண்டியதில்லை. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன்.

இன்றோடு ஊசியை நிறுத்து. இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு என்னிடம் வா. யாரிடமும் உத்தரவு கேட்காதே. உன் மூச்சைப் பற்றி நான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை.

இரண்டே கேள்வி. நேரில் பதில் சொல். மார்ச் மாதம் மூன்று நாள் காலையில் ஒரு சீசாவில் இருமித் துப்பினாயா? உன் வீட்டில் மூக்குப்பொடி போடுவது யார்?

இன்பமேரி


மதுரை
12.6.1968

அமலதாஸுக்கு,

நலம் கேட்டு எழுதுகிற வழக்கம் இந்தக் கடிதத்தில் இல்லை.

அடைக்கலம் என்னோடு இருக்கிறாள். அந்தச் சீசாவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. பொடி என்றதும், "அவுகதான் மதினி போடுவாக. மத்தியானப் பீரியடுல தூக்கம் வருதுன்னு ரெண்டு வருசமாப் போடுறாக, அக்காவுக்கு எழுதிறாதேன்னு சொன்னாக" என்றாள். மூன்று நாள் காலையில் எடுத்துப் பார்த்தேன். அவளால் துப்ப முடிந்தது எச்சில்தான், ஆவி பிடிக்கவைத்து எடுத்த சளியிலும் கிருமி இல்லை. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது. மார்ச்சில் அவள் பெயரில் வந்த சளியோ குழம்பில் திட்டுத் திட்டாக வளர்ந்து நிற்கிறது.

உன் சளியை அவள் பெயரில் அனுப்பினாய். உன் சீக்குக்கு அவளை வீட்டைவிட்டுத் துரத்தினாய். மாத்திரையை நீ தின்றாய். ஊசி போடாவிட்டால் மாத்திரை தரமாட்டார்கள் என்று அந்த ஊசியை அவள் உடம்பில் குத்தவைத்தாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நீ இரண்டையும் சேர்த்து அவள் தலையில் வைத்தாய். அவள் காது இரைகிறது என்று உன்னிடம் சொன்னாளா இல்லையா? அதற்கு அர்த்தம் என்னவென்று உனக்கு எழுதியிருந்தேன். தெரிந்தே இருந்திருக்கிறாய். எதற்கு? ஒரு ஹெட்மாஸ்டர் நாற்காலிக்கு.

அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த கை இது. அந்தக் கைதான் பெயர்ச்சீட்டையும் ஒட்டியது. என் மேலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஊருக்கெல்லாம் சளிதான் சாட்சி என்று வாய் கிழியப் பேசிவிட்டு, சீசாவைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை அவளை வரவழைத்து உட்கார வைத்திருந்தால் போதும்.

இப்போது பிள்ளை. இரண்டு மாதத்துக்கு மேலாக உன் நெஞ்சின்மேல் படுத்துத் தூங்குகிறது. மாயக்கண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சவரியை அவனோடு அனுப்பு. நீயும் வா.

இன்பமேரி


காரைக்குடி
13.6.1968

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் முத்தழகுவிடம் குழந்தையைக் கொடுத்து, மாயக்கண்ணனைத் துணைக்கு அனுப்பியிருக்கிறேன்.

பத்து நாளாகக் காய்ச்சல். மூன்று நாளாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. நேற்றிலிருந்து கூப்பிட்டால் கண்ணைத் திறப்பதில்லை. வயிற்று மாந்தம் என்று நினைத்து மருந்து கொடுத்தேன். கொண்டுவர நினைத்தேன். மதுரைக்கு வந்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் எக்ஸ்ரே படம் எடுப்பீர்கள் என்று தெரியும்.

பத்தாம் தேதிதான் ஹெட்மாஸ்டராகப் பொறுப்பு ஏற்றேன். இந்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். அது முடிந்ததும் வருகிறேன். தாங்கள் எழுதியதற்கெல்லாம் பதில் எழுத எனக்குச் சக்தி இல்லை. என் நிலைமையையும் நினைத்துப் பார்க்கவும்.

அமலதாஸ்


மதுரை
6.7.1968

அமலதாஸுக்கு,

இன்ஸ்பெக்டர் வந்து போயிருப்பார். நீ வரவில்லை.

முத்தழகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். "வாத்தியாரு பஸ்ஸு வரைக்கும் வந்தாக. பிள்ளை கழுத்து விறைச்சுக் கெடக்கு, நீங்களும் ஏறுங்கன்னேன். கடுதாசியக் கையில குடுத்துட்டு அங்குட்டே திரும்பிட்டாக" என்றாள். அந்தப் பெண் எங்களுக்கு எந்த உறவும் இல்லை. நாலு நாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

கையில் ஊசி போட்டுப் பார்த்தோம். வீங்கவே இல்லை. நல்லது என்று நினைத்துவிடாதே. எதிர்க்கிற சக்தியும் உடம்பில் தீர்ந்துபோனால் கை வீங்காது. மார்ச்சில் கொண்டு வந்திருந்தால் அதே கை நமக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். வயிற்றைக் கழுவி எடுத்ததை வளர்க்க வைத்திருக்கிறேன், எட்டு வாரம் அது காத்திருக்கும், பிள்ளை காத்திருக்காது. முதுகுத்தண்டில் ஊசி விட்டு நீர் எடுத்தோம். மூன்று வயதுப் பிள்ளையை வில்லாக வளைத்துப் பிடிக்க வேண்டும். அடைக்கலம்தான் பிடித்துக்கொண்டாள். அந்த நீர்தான் பதில் சொன்னது. கிருமி தலைக்கு ஏறிவிட்டது.

தினமும் அதே ஊசிதான். மருந்தைக் கூட்டிப் போட வேண்டும், காது போனாலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அடைக்கலம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போடுங்கய்யா. உசிரு இருக்கட்டும்" என்றாள். அப்போது நீ அங்கே இல்லை.

ஒரு சீசா அனுப்பியிருக்கிறேன். அமலதாஸ் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதை ஆளிடம் கொடுத்தனுப்பினால் உடைத்துப்போடுவேன், நீயே கொண்டு வந்து என் எதிரில் நின்று துப்பு. இந்த வாரம் வராவிட்டால் நான் அங்கே வருவேன், பள்ளிக்கூடத்துக்கே வருவேன். உன் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தனை கைகளிலும் ஊசி போட்டுப் பார்த்தாக வேண்டும்.

இன்பமேரி


சேசு மரி சூசை

காரைக்குடி
1.9.1968

பிரியமுள்ள அடைக்கலமேரிக்கு,

சர்வேசுரன் கிருபையால் இங்கு நான் சற்று சுகம். நீயும் சவரியும் சுகமா? அக்கா கொடுத்த ஊசியும் மாத்திரையும் ஏழு வாரமாக ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சல் நின்றுவிட்டது. நான் மதுரைக்கு வந்த அன்று நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு உனக்கு உரிமை உண்டு.

வயிற்றுக் கோளாறு என்று எழுதிக்கொடுத்து மூன்று மாத லீவு எடுத்திருக்கிறேன். என் குற்றத்தை மறைக்கவில்லை. மாதா பிறந்தநாள் வருகிறதே என்று பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் மன்னித்து, ஒன்பது நாள் ஜெபமாலை சொல்லும்படி அபராதம் கொடுத்தார். அதையும் முடித்துவிட்டேன். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போட ஆட்களோடு வரப்போவதாக அக்கா எழுதியிருக்கிறாள். அப்படி வந்தால் எதற்கு வந்தார்கள் என்று ஊர் கேட்கும். ஆண்டவரே மன்னித்துவிட்ட பிறகு சந்தி சிரிக்க வைப்பானேன்? நீ சொன்னால் அக்கா கேட்பாள். தயவுசெய்து சொல். நீயும் சவரியும் வந்துவிடுங்கள். நம் வீட்டுக்குள் நாம் பேசித் தீர்த்துக்கொள்வோம். சவரியின் காதில் அப்பா சீக்கிரம் கூட்டிப்போவார் என்று சொல்லிவை.

உன் அன்பு மறவாத,
அமலதாஸ்


சேசு மரி சூசை

மதுரை
9.9.1968

சவரியின் அப்பாவுக்கு அடைக்கலமேரி எழுதுவது.

எனக்கு நடக்கும்போது தள்ளாட்டம் குறைந்திருக்கிறது. காதில் வண்டு மட்டும் போகவில்லை, அது இனி இருக்கும் என்று மதினி சொன்னார்கள். உங்கள் சளியில் கிருமி குறைந்துவருவதாகவும் சொன்னார்கள். ஆகையால் சுகமா என்று கேட்கவில்லை.

சாமியார் காதில் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டவர் மன்னித்திருப்பார், அது அவர் வேலை. ஆனால் அவர் கல்லலுக்கு வந்து என் அப்பாவிடம் பேசப்போவதில்லை. என் தங்கைக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துத் தரப்போவதும் இல்லை. என் தட்டையும் தம்ளரையும் ஊர் பார்க்கத்தானே வண்டியில் ஏற்றினீர்கள். நான் கெட்டது தெருவில். நீங்கள் மன்னிப்புக் கேட்டது திரைக்குள்ளே.

மதினியிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வருகிற புதன்கிழமை ஊசி போடுகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். நானும் வருகிறேன். பெயர்ச்சீட்டு எழுதுகிற வேலையை மதினி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, நீதானா என்று கேட்டு, அப்புறம்தான் எழுதுவேன். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்குப் பதிலும் சொல்வேன்.

சவரி பிழைத்துவிட்டாள். எழுந்து உட்கார்கிறாள். கஞ்சி குடிக்கிறாள். சிரிக்கவும் செய்கிறாள். வெள்ளிக்கிழமை வார்டில் ஆயாவின் கையிலிருந்து இரும்புத் தட்டு அத்தனையும் தரையில் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் அலறி எழுந்தன. சவரி தீப்பெட்டியை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. நான் பின்னால் போய் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. மதினி வந்து என் வாயைப் பொத்தும்வரை கூப்பிட்டேன்.

அவள் காதில் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை அவள் முன்னால் வாசித்தேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காகிதத்தைப் பிடுங்கி எழுத்தின்மேல் விரல் வைத்துத் தடவினாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த எழுத்தையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். நீங்கள் வாத்தியார், எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குப் படிக்க வந்ததும் ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தச் சீசாவில் இருந்தது யாருடைய சளி என்று நீங்களே உங்கள் கையால் அவளுக்கு எழுதிச் சொல்லுங்கள். அதுவரை இந்த விலாசத்துக்குக் கடிதம் வேண்டாம்.

அடைக்கலமேரி